எனக்குப் பதில் குணசீலன்

ஜூலை 8, செவ்வாய்

பகல் 12.07. ஹோப்ஸ் சிக்னல் தாண்டி, கரும்புச்சாறு வண்டி பக்கத்தில் பைக்கை ஓரம் கட்டிப் போனை எடுத்தேன். என் மனைவி அரசி பாடம் எடுக்கும் கல்லூரியில் தத்துவத் துறைத் தலைவர் ஆரோக்கியராஜ் சார். பதினைந்து நிமிடத்துக்கு முன் அவரேதான் பேசியிருந்தார். "மேடம் கிளாஸ்ல மயங்கி விழுந்துட்டாங்க, ஆஸ்பத்திரி கூட்டிட்டு வந்துட்டோம், பதறாம வாங்க" என்றார். நான் பதறாமல்தான் போய்க்கொண்டிருந்தேன். இந்தத் தடவை, "தண்டபாணி, மனச திடப்படுத்திக்கங்க" என்றார். கரும்பு மெஷின் சலங்கையைக் கொட்டிக்கொண்டு ஓடியது. "சார், சரியாக் கேக்கல" என்றேன். அவர் மறுபடியும் சொன்னார். சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். வயது முப்பத்தொன்று.

இது லிப்ட் கம்பெனி கொடுத்த சர்வீஸ் டைரி. தினமும் எழுதிப் பழகிவிட்டது. எழுதாவிட்டால் கை சும்மா இருக்காது. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம் அச்சடித்திருக்கிறார்கள்.

பழுது: திடீர் நிறுத்தம்.
காரணம்: மேலே எழுதியிருக்கிறேன்.
செய்த வேலை: இல்லை.

ஜூலை 9, புதன்

அரசியை வைத்திருந்த ஐஸ் பெட்டி நின்று நின்று ஓடியது. பந்தலில் போட்ட பெரிய மின்விசிறிகளையும் அதே லைனில் கொடுத்துவிட்டார்கள். வோல்டேஜ் இறங்கி கம்ப்ரஸர் டிரிப் ஆகிறது. டெஸ்டரை எடுத்துப்போய்ப் பெட்டியை மட்டும் கிச்சன் லைனுக்கு மாற்றினேன். காலை முழுக்க இந்த வேலைதான். இடையில் யாரோ கையில் தட்டைக் கொடுத்தார்கள். நான்கு இட்லி சாப்பிட்டேன்.

இந்த நேரத்தில் குணசீலன் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். குணா அரசியின் நாடகக்குழுவில் முக்கிய நடிகன். பகலில் காந்திபுரத்தில் பாத்ரூம் பைப்புகள் விற்கிறான். குழுவுக்கு "வெட்டி வேலை" என்று அரசிதான் பெயர் வைத்தாள். மற்ற நடிகர்கள் அழுதது நம்பும்படியாக இல்லை. முகத்தால் அழுதார்கள். அரசி ஒத்திகையில் திட்டுவாள்: "கண்ணுல இருந்து அழாத. முட்டியில இருந்து அழு. முட்டி விட்டுப்போகணும், அப்புறம் வயிறு, கண்ணு கடைசி." குணா ஒருவன்தான் அவள் சொன்ன மாதிரி அழுதான். பார்க்க நன்றாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அவனைப் பார்த்துத்தான் அழ ஆரம்பித்தார்கள்.

உடுமலையில் இருந்து அரசியின் பெரியப்பா வந்தார். சாதி விட்டுக் கட்டியதால் எங்கள் கல்யாணத்துக்கு வராதவர். நேராகப் போய்க் குணாவைக் கட்டிப்பிடித்தார்.

"மாப்ள, உங்கள இப்பிடியா வந்து நான் பாக்கணும்? கோவத்துல இருந்துட்டனே சாமி."

குணா அவர் தோளில் சாய்ந்துவிட்டான். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் வரிசையாக அவன் கையைப் பிடித்தார்கள். "பச்சத் தண்ணி பல்லுல படல போல, பாருங்க மொகத்த" என்று ஒரு அம்மா அவனுக்குக் காப்பி கொண்டுபோனார். என்னைப் பார்த்து, "தம்பி, எலக்ட்ரீசியன், அந்த ஃபேன இந்தப் பக்கம் திருப்பு" என்றார். திருப்பினேன்.

மின் மயானத்துக்குப் பெரியப்பா வரவில்லை. அங்கே ஊழியர் கேட்டார்: "வீட்டுக்காரர் யாருங்க?" ஐந்து பேர் குணாவைக் காட்டினார்கள். குணா திரும்பி என்னைப் பார்த்தான். நான் பேனலில் இருந்த வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பேனல். பராமரிப்புதான் போதாது.

குணா ஊழியரிடம் என்னைக் காட்டியதும் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். போனை வைக்க இடம் இல்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு சுற்றி வந்தேன்.

ஜூலை 10, வியாழன்

பால் இரண்டு பாக்கெட் வந்தது. நிறுத்தச் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

துக்கம் கேட்க வருகிறவர்கள் இன்னும் வருகிறார்கள். என்னைப் பார்த்தால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. நான் "வாங்க, உக்காருங்க, லிப்ட்ல வந்தீங்களா, படியிலயா?" என்று கேட்டுவிடுகிறேன்.

குணா சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுகிறான். ஹாலில் நாற்காலியில் அவன் உட்காருவான். நான் சமையலறையில் டீ போடுவேன். யாரும் யாரிடமும் பொய் சொல்லவில்லை. வருகிறவர்கள் அவனைப் பார்த்து அழுகிறார்கள், அவனும் அழுகிறான், அவர்கள் திருப்தியாகப் போகிறார்கள். எனக்கும் டீத்தூள் அளவு கைவந்துவிட்டது.

இன்று எல்லாரும் போன பிறகு குணா சொன்னான்:

"டேய் பாணி, நான் நடிக்கலடா."

"தெரியும்."

"இல்லடா, கேளு. நடிக்கல. ஆனா நடிக்கறப்ப எங்கிருந்து வருமோ அங்கிருந்துதான் வருது. அதே முட்டி, அதே வயிறு. நெஜமா அழறதுக்குன்னு வேற எடம் இருக்கும்னு நெனச்சிருந்தேன். இல்ல போலிருக்கு. அதான் பயமா இருக்கு."

இதற்கு அரசி இருந்தால் ஒன்றரை மணி நேரம் பதில் சொல்லியிருப்பாள். நான் டம்ளரைக் கழுவினேன்.

அவன் போன பிறகு நின்றபடி முட்டியைக் கொஞ்சம் மடக்கிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. முட்டி நல்ல நிலையில் இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

வேலைக்குப் போனேன். சாய்பாபா காலனியில் ஒருவர் லிப்ட்டில் மாட்டிக்கொண்டு அவசர எண்ணைக் கூப்பிட்டார்.

"எந்த மாடிங்க?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் உள்ளல்ல இருக்கேன்."

"மேல போறப்ப நின்னுச்சா, கீழ வர்றப்ப நின்னுச்சா?"

"நான் பட்டனே அமுத்தலீங். கதவு சாத்துச்சு. எங்க போறதுன்னு யோசிச்சிட்டு நின்னேன். கரண்ட் போயிருச்சு."

இதைக் கேட்டால் அரசி ஒரு ஓரங்க நாடகமே எழுதிவிடுவாள். வழக்கம்போல அவளுக்கு டைப் செய்து அனுப்பினேன். ஒரு டிக்கோடு நிற்கிறது.

புது பவர் பேங்க் வாங்கினேன். இந்த வேலையில் போன் அணைந்துபோகக் கூடாது. யாராவது மாட்டிக்கொண்டு கூப்பிடுவார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

சிங்காநல்லூரில் உலகநாயகி அக்கா வீட்டு மொட்டை மாடியில் குழுக் கூட்டம். அக்கா வங்கியில் கேஷியர், குழுவில் மூத்தவர். அரசி பாதி ஒத்திகையில் விட்டுப்போன நாடகத்தை ஆகஸ்ட் பத்தாம் தேதி போட்டே தீரவேண்டும் என்று முடிவாயிற்று. ஹாலுக்கு முன்பதிவு செய்தாகிவிட்டது, ரத்து செய்தால் அந்த ஆள் அடுத்த வருடம் தரமாட்டான். துக்கத்தைவிட இந்தக் காரணம் எனக்குப் பிடித்திருந்தது.

நாடகத்தின் பெயர் "உடம்பு சரியில்லை". விஷயம் இதுதான். கிரேக்க நாட்டில் ஒரு தத்துவக் கிழவர். ஊரைக் கேள்வி கேட்டே கொன்றதால் ஊர் அவருக்கு விஷம் கொடுத்துவிட்டது. கால் மரத்து, இடுப்பு மரத்து, பேசிக்கொண்டே செத்தார். அந்தச் சாவை அவருடைய சீடன் ஒருவன் வரிக்கு வரி வசனமாக எழுதினான். யார் அழுதார்கள், யார் போர்வையை இழுத்தார்கள், எல்லாம் எழுதினான். ஆனால் அவன் அன்றைக்கு அங்கே இல்லை. "உடம்பு சரியில்லை" என்று வீட்டில் இருந்துவிட்டான். அதை அவனே ஒரு வரியில் எழுதி வைத்திருக்கிறான். அப்புறம் பெரிய ஆள் ஆகி, நல்ல ஊரில் நாடகக்காரர்களுக்கு இடமில்லை, துரத்துங்கள் என்று சொன்னான்.

"வாழ்நாள் பூரா வசனமா எழுதித் தள்ளிட்டு நாடகம் பொய்யின்னு சொல்றான் பாரு" என்பாள் அரசி. "ஏன் தெரியுமா பாணி? பாக்காத சாவுக்கு வசனம் எழுதிட்டான். அந்தக் கடுப்பு. நடிகனப் பாத்தா அவனுக்குக் கண்ணாடியப் பாக்கற மாதிரி இருந்துருக்கு."

இது அவளுடைய ஊகம். ஆதாரம் கேட்டால், "நான் தத்துவம் படிச்சவ, ஆதாரம் எல்லாம் ஹிஸ்டரி டிபார்ட்மென்ட்" என்பாள்.

கிழவர் வேடம் குணாவுக்கு. சீடன் வேடம் அரசியே போடுவதாக இருந்தது. இனி நாயகி அக்கா. லைட்டும் சவுண்டும் எப்போதும் போல நான்.

எனக்கும் அரசிக்கும் தீராத ஒரு சண்டை இருந்தது. கிழவர் செத்ததும் இருட்டாக்க வேண்டும் என்பேன் நான். செத்தவன் மூச்சு விடுவது தெரியுமே, அசிங்கம். இருட்டாக்கவே கூடாது என்பாள் அவள். "தெரியட்டும். வயிறு ஏறி எறங்கறதப் பாத்துட்டே அழுவாங்கள்ல, அதத்தான் நான் கேக்கறேன். பொய்யின்னு தெரிஞ்சே எதுக்கு அழறீங்க? லைட்ட அணச்சா கேள்வியும் அணஞ்சு போயிரும்."

இன்று கேட்பதற்கு ஆள் இல்லை. லைட் குறிப்பில் "இருட்டு" என்று எழுதினேன். ஜெயித்துவிட்டேன்.

நாயகி அக்கா ஒத்திகை தொடங்கும்போது, "எல்லாரும் போன ஆஃப் பண்ணுங்க கண்ணு" என்றார். நான் பண்ணவில்லை. "அவசர டூட்டிங்க்கா" என்றேன்.

ஜூலை 24, வியாழன்

கல்லூரியில் மாணவர்கள் அரசிக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். கணவர் நான்கு வார்த்தை பேசவேண்டும் என்று அழைப்பு. ஆரோக்கியராஜ் சார் விடைத்தாள் திருத்த வெளியூர் போயிருக்கிறார். கல்லூரியில் என் முகம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"குணா, நீ போயிட்டு வா" என்றேன்.

"லூசாடா நீ?"

"ஏற்கனவே நீதானே? பெரியப்பா வரைக்கும் ஒத்துக்கிட்டாரு."

"அது தானா நடந்துச்சு. இது திட்டம் போட்டுப் பண்றது."

"நான் போனா மைக் சரியா இருக்கான்னு பாப்பேன். புள்ளைங்க பாவம்டா. அழுவற புருஷன எதிர்பாத்து உக்காந்திருப்பாங்க."

அவன் யோசித்தான். நடிகன் யோசித்தால் அரைவாசி ஒத்துக்கொண்டான் என்று அர்த்தம். "சரி, நீ எப்படி நிப்ப? காமி" என்றான். நான் நின்றேன். "இல்ல, தெரிஞ்சு நிக்காத. இரு, நான் பாத்து வச்சிருக்கேன்" என்று எழுந்தான்.

அவன் என்னைப் போல நின்று காட்டினான். தோளைக் குறுக்கிக்கொண்டு, வலது கையைச் சட்டைப் பையின்மேல் வைத்துக்கொண்டு. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பையை விரித்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"நான் இப்படியா நிக்கறேன்?"

"நெஞ்சு வலிக்காரன் மாதிரி நிக்கற. யாரு போன் பண்ணுவாங்கன்னுடா இப்படிப் புடிச்சுக்கிட்டே நிக்கற?"

"லிப்ட்டு."

"லிப்ட்டு" என்றான் அவனும், என் குரலில்.

நான் கல்லூரிக்கு எதிரே பேக்கரியில் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தேன். குணா திரும்பி வரும்போது முகம் வேறு மாதிரி இருந்தது. எப்போதும் நாடகம் முடிந்ததும் "எப்படிடா இருந்துச்சு?" என்பவன், ஒன்றும் கேட்கவில்லை. டீயும் வேண்டாம் என்றான். பஸ் ஏறிப் போய்விட்டான்.

ஜூலை 25, வெள்ளி

குணாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மத்தியானம் பேசினில் கை கழுவும்போது போன் அடித்தது. ஆரோக்கியராஜ் சார் நம்பர். ஈரக் கையோடு எடுத்தேன். கையில் சோப்பு இருந்ததால் போன் வழுக்கி வாஷ் பேசினில் விழுந்தது. அப்படியே எடுத்துக் காதில் வைத்து, "சொல்லுங்க சார், சொல்லுங்க" என்றேன்.

"தண்டபாணி, மேடம் ஸ்டாஃப் ரூம் பீரோ சாவி வீட்ல இருக்கான்னு பாக்கறீங்களா? ஒண்ணும் அவசரம் இல்ல."

"வேற சார்?"

"வேற ஒண்ணும் இல்லப்பா."

வைத்துவிட்டார். நான் இன்னும் கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்தேன். அன்றைக்குச் சொன்னது தப்பு என்று சொல்ல மறந்திருந்தால் மறுபடி கூப்பிடுவார்.

சாவி அவளுடைய சாம்பல் நிறக் கைப்பையில் இருந்தது. பாதி தின்ற கடலைமிட்டாயும் இருந்தது. சாவியை எடுத்து வைத்தேன்.

ஜூலை 30, புதன்

ஒத்திகை. கிழவர் சாகும் காட்சி. குணா விஷம் குடித்தான், நடந்தான், கால் கனக்கிறது என்றான், பெஞ்சில் உட்கார்ந்தான். படுக்கவில்லை.

"படு குணா" என்றார் நாயகி அக்கா.

"முடியலீங்க்கா."

"முதுகு வலியா?"

"இல்லீங்க்கா. படுக்க முடியல."

அக்கா எல்லாருக்கும் டீ இடைவேளை விட்டார். குணா என்னிடம் வந்து, லைட் கருவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"டேய், அன்னிக்கு காலேஜ்ல நான் பேசி முடிச்சதும் ஒரு புள்ள வந்துச்சு. சம்யுக்தா. ரெண்டாவது வருஷம். என் கையப் புடிச்சுட்டு, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் சார்னு சொல்லுச்சு. உன்கிட்ட சொல்லணும்னு நெனச்சுதான் எங்கிட்ட சொல்லிருச்சு. நான் நிறுத்தியிருக்கணும். நான் அவர் இல்லம்மான்னு சொல்லியிருக்கணும். வேசத்துல இருந்தேன்டா. நிறுத்த வரல."

"என்ன சொல்லுச்சு?"

"அரசி கிளாஸ்ல இந்தக் காட்சியத்தான் நடிச்சுக் காட்டிட்டு இருந்திருக்கா. இதே கிழவர், இதே விஷம். கால் கனக்குதுன்னு சொல்லிட்டு சாஞ்சிருக்கா. புள்ளைங்க நடிப்புன்னு நெனச்சுட்டாங்க. கை தட்டிட்டாங்கடா."

மேலே ஸ்பாட் லைட் ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. ஒயர் தளர்ந்திருக்கும். ஏணியைப் போட்டு ஏறி முறுக்கினேன். கீழே குணா இன்னும் உட்கார்ந்திருந்தான்.

"அது உன் சொத்துடா. எங்கிட்ட இருக்கு. வாங்கிக்க" என்றான்.

"சரி, அடுத்தது எந்தக் காட்சி?" என்றேன்.

ஜூலை 31, வியாழன்

கதவு சென்சார் இரண்டு மாற்றினேன். ஒரு கயிறு இழுவை பார்த்தேன். வடவள்ளியில் லிப்ட்டுக்குள் பல்லி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சம்யுக்தாவை அதே பேக்கரிக்கு வரச் சொன்னேன். குணாதான் நம்பர் கொடுத்தான். ஒல்லியான பெண், பெரிய பை. தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தேன். அவள் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவர் வரலீங்களா சார்?"

"யாரு?"

"மேம் ஹஸ்பண்ட்."

"நான்தான்மா."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். நம்பவில்லை. கல்யாண போட்டோவைப் போனில் காட்டவேண்டியதாயிற்று.

"அப்ப அன்னிக்கு வந்தது?"

"குணசீலன். பாத்ரூம் பைப் கடை வச்சிருக்கான். உங்க மேடம் குழுவுல நடிகன். எனக்கு அழுகை வராதுன்னு நான்தான் அனுப்பி வச்சேன்."

அவள் பன்னைக் கீழே வைத்தாள். "அப்ப நான் யார்கிட்ட சார் சொன்னேன்?"

"தப்பான ஆள்கிட்ட."

"என் கையப் புடிச்சிட்டு அப்படி அழுதாரே. அது பொய்யா?"

"தெரியலம்மா. அது உங்க மேடம் சப்ஜெக்ட். எனக்கு லிப்ட்டுதான் தெரியும்."

கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "நல்லா இருக்கு சார் உங்க குடும்பம். மேம் செத்த மாதிரி நடிக்கறாங்கன்னு நெனச்சோம், நெஜமா செத்துட்டாங்க. அவரு நெஜமா அழறாருன்னு நெனச்சேன், நடிகராம். நான் எதத்தான் சார் நம்பறது?"

"இன்னொரு தடவ சொல்றியா? எங்கிட்ட."

மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மேம் எப்பவும் நடிச்சுத்தான் சார் எடுப்பாங்க. போன செமஸ்டர்லயே மூணு வாட்டி செத்தாங்க. செத்து முடிச்சு எந்திரிச்சு வணக்கம் வைப்பாங்க, நாங்க தட்டுவோம். அன்னிக்கு பெஞ்சுக்கு நடுவுல நடந்து வந்தாங்க. கால் மரத்துப் போச்சு, இப்ப முட்டி, இப்ப இடுப்புன்னாங்க. என் பெஞ்சுல கை ஊனுனாங்க. அப்படியே ஒரு பக்கமா சரிஞ்சாங்க சார். அவ்வளவு சூப்பரா அவங்க அதுக்கு முன்னால செத்ததே இல்ல. கிளாஸே தட்டுச்சு. எந்திரிப்பாங்கன்னு தட்டிட்டே இருந்தோம். யாரோ விசில் அடிச்சாங்க."

"விசிலா?"

பன் தட்டை ஓரமாகத் தள்ளினாள்.

"பின் பெஞ்சு பசங்களா?"

"நான்தான் சார்" என்றாள். "அந்த சார்கிட்டகூட இத மட்டும் சொல்லல. நான்தான் விசில் அடிச்சேன்."

அழ ஆரம்பித்தாள். முகத்தால் அல்ல.

எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. பேக்கரியில் எல்லாரும் திரும்பினார்கள். அவள் என்னை மிருகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். சொல்லிப் புரிய வைக்கவேண்டியிருந்தது. அரசி இந்த ஊரில் ஒன்பது வருடம் நாடகம் போட்டாள். நாடகம் முடிந்ததும் நாற்பது பேர் மெதுவாகக் கை தட்டுவார்கள். ஒருவர் மேடைக்கு வந்து, "நல்ல முயற்சி" என்பார். வீட்டுக்கு வந்து அவள் தலையணையை அடிப்பாள். "முயற்சியாம், முயற்சி! ஒரு விசில் வருதா பாணி? ஒரே ஒரு விசில்! தத்துவம் பேசுனா மனுசன் விசில் அடிக்கமாட்டானா? ஒருத்தன் அடிச்சிட்டா நான் அன்னிக்கோட நிறுத்திக்கறேன்."

"நெஜமா சார்?"

"இதுல பொய் சொல்ல எனக்கு வராது. காது கடைசியாத்தான் நிக்கும்னு சொல்லுவாங்க. கேட்டிருக்கும்." அப்புறம் கேட்டேன், "எப்படி அடிச்ச? அடி பாக்கலாம்."

"இங்கயா?"

"இங்கதான்."

மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு விரலை நாக்குக்கடியில் மடித்து வைத்து அடித்தாள். கண்ணாடி அலமாரியில் பப்ஸ் அதிர்ந்திருக்கும். "யாருங்க அது!" என்று மாஸ்டர் உள்ளே இருந்து ஓடிவந்தார்.

என் முட்டியில் ஏதோ விட்டுப்போனது. நின்றுகொண்டிருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. உட்கார்ந்தேன். அப்புறம் வயிறு.

மாஸ்டர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். எனக்கா அவளுக்கா தெரியவில்லை. நான்தான் குடித்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பால் ஒரு பாக்கெட் போதும் என்று சொன்னேன்.

நாயகி அக்கா, நாடகத்துக்கு முன் ஒலிக்கும் அறிவிப்பைப் புதிதாகப் பதிவு செய்து அனுப்பினார். "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே" என்று தொடங்குகிறது. வங்கியில் டோக்கன் கூப்பிடுவது போல இருக்கிறது. பழையது அரசி குரல், போன வருட நாடகத்துக்குப் பதிந்தது. அதைப் போட்டால் நான் தாங்கமாட்டேன் என்று அக்கா நினைக்கிறார்.

கேட்டுப் பார்த்தேன். தாங்கினேன். இரண்டாவது தடவை அவ்வளவாகத் தாங்கவில்லை.

அக்காவிடம், "பழசே இருக்கட்டுங்க்கா" என்றேன்.

குணா இன்று படுத்தான். நன்றாகச் செத்தான். வயிறு ஏறி இறங்குவது கடைசி வரிசை வரை தெரிகிறது. குறிப்பில் "இருட்டு" என்று இருந்ததை அடித்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஹாலின் பின்பக்கம், லைட் கருவி வைத்திருக்கும் மேடையில் இருந்து எழுதுகிறேன். முதல் மணி அடித்தாகிவிட்டது. எங்கள் குழுவில் மூன்று மணி. மூன்றாவது அடித்தால் நாடகம் தொடங்கிவிடும், அதற்குப் பிறகு அரசனே வந்தாலும் கதவு திறக்காது.

உடுமலைப் பெரியப்பா வந்திருக்கிறார். நுழைந்ததும் குணாவை வேடத்தில் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார், எலக்ட்ரீசியனிடம் புகார் சொல்ல.

"ஏந்தம்பி, பொண்டாட்டி போயி மாசம் ஒண்ணுதான ஆச்சு? தாடிய ஒட்டிட்டு ஆடறான் பாரு. அன்னிக்கு என் தோள்ல சாஞ்சு என்னா அழுகை!"

"பெரியப்பா, அரசி வீட்டுக்காரன் நான்தானுங்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப அவன் யாரு?"

"நடிகனுங்."

"நீ ஐஸ் பெட்டிக்கு ஒயர் மாத்திட்டுல்ல இருந்த?"

"ஆமாங்."

"அவன் அழுதான். நீ அழுவலயா?"

"இப்பத்தானுங் ஆரம்பிச்சிருக்கேன்."

பிறகு கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். "அன்னிக்கே ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன மாப்ள? அவ்வளவு கண்ணீரையும் அவன்மேல விட்டுட்டனே" என்றார். வேண்டுமானால் அந்தக் கண்ணீரை அவனிடமிருந்து திருப்பி வாங்கித் தரமுடியும் என்றேன். சிரிக்கவில்லை. முதல் வரிசையில் போய் உட்கார்ந்து குணாவை முறைக்கக் காத்திருக்கிறார்.

மூன்றாவது வரிசையில் சம்யுக்தாவும் அவள் வகுப்பும். கடைசியில் விசில் அடிக்கலாமா என்று செய்தி அனுப்பினாள். அடிக்காமல் போனால்தான் ஏன் என்று கேட்பேன் என்று பதில் போட்டேன். போனில் அவள் பெயருக்குக் கொஞ்சம் கீழே அரசியின் பெயர் இருந்தது, லிப்ட்டில் மாட்டியவர் கதையோடு. இன்னும் ஒரு டிக்தான்.

இரண்டாவது மணி.

அவசர அழைப்புகளை இன்று மாலைக்குக் கம்பெனியில் கூட வேலை பார்க்கும் ஸ்டீபனிடம் கொடுத்துவிட்டேன். மாட்டிக்கொண்டவர்களை அவன் பார்த்துக்கொள்வான். அதனால் இந்தப் போன் பையில் இருப்பதற்கு இனி அந்தக் காரணம் இல்லை. வேறு காரணத்தைக் குணா எப்போதோ நடித்துக் காட்டிவிட்டான்.

அறிவிப்பைப் போட்டேன். ஹால் முழுக்க அவள்.

"வணக்கம். இனிமே நீங்க பாக்கப்போறது பூராவும் பொய். நாங்க நெஜம் மாதிரி பண்றோம், நீங்க நம்பற மாதிரி பண்ணுங்க, சரியாப் போயிரும். ஒரே ஒரு வேண்டுகோள். போன ஆஃப் பண்ணிருங்க. சைலன்ட்ல போடறது ஏமாத்து வேலை. யாராச்சும் அவசரமாக் கூப்பிட்டா என்ன பண்றதுன்னு யோசிக்கறீங்களா? அப்படி யாரும் கூப்பிடப் போறதில்லைங்க. கூப்பிடறதா இருந்தா இந்நேரம் கூப்பிட்டிருப்பாங்க."

சிரிப்பு. அவள் தொண்டையைச் செருமுகிறாள். பிறகு, எப்போதும் நான் வெட்டிவிடும் துண்டு. இன்று வெட்டவில்லை.

"சரியா வந்துச்சா, பாணி?"

வந்துச்சு.

கிழவர் சாகும்போது லைட்டை அணைக்கப் போவதில்லை. முழு வெளிச்சம், அவள் கேட்டபடி. மூச்சு விடட்டும்.

நாயகி அக்கா மணியைத் தூக்கிவிட்டார். மூன்றாவது. என் போனை அணைத்துவிட்டேன்.